பாரா

வேல்ஷ் மொழியில் பாரா என்றால் ரொட்டி.
வந்து இறங்கிய நாளில்
அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நிறம்,
அதனால் அந்தப் பெயர்.
பிறகுதான் தெரிந்தது, அதற்கு எல்லாமே ரொட்டி:
வேலியோர முட்கொடி,
தேவாலய வாசலில் யாரோ வைத்த பூங்கொத்து,
கெத்தினின் இடது கையுறை.

நாலடி உயர மட்டக்குதிரை.
இருநூற்று நாற்பது கிலோ என்றது அளவு நாடா.
அதில் பாதி கழுத்து,
மீதி பிடிவாதம்.

சனிக்கிழமை.
மப்லி ஏறுகிறாள், தொப்பியோடு இருபத்திரண்டு கிலோ.
பத்தடி நடக்கும்.
பிறகு தலை கீழே.
வார் அவள் கையைவிட்டுப் போகும்,
வார் போகாவிட்டால் அவளே போவாள்
சறுக்குமரத்தில் போவதுபோல் பிடரி வழியே.
புல்லில் உட்கார்ந்தபடி அதன் முகத்தைப் பார்ப்பாள்.
அது மென்றுகொண்டிருக்கும்.
அதற்குக் கோபமே இல்லை,
அதுதான் நமக்குக் கோபம்.

"உதை, உதை" என்பார் வேலிக்கு வெளியே அவள் அப்பா.
சேணத்தைத் தாண்டாத கால்.
கதவைத் தட்டிவிட்டு ஓடும் பிள்ளைபோல்
இரண்டு தட்டுத் தட்டும்.
உள்ளே ஆள் இருக்கிறது,
திறக்காது.

நான் மென்னா. நாலடி பத்தங்குலம்.
பள்ளி நாடகங்களில் வருடாவருடம் ஆட்டுக்குட்டி.
கடையில் மேல்தட்டுத் தேயிலைக்கு
இன்றும் யாரையாவது கூப்பிட வேண்டும்.
இந்தக் கொட்டிலில் மட்டும் என் உயரம் ஒரு தகுதி:
பெரியவர்களில் பாராவின் மேல் ஏறக்கூடியவள்
நான் ஒருத்திதான்.

செவ்வாய் இரவுகளில், விளக்கடியில், சாய்ந்த மழையில்
அதைத் திருத்துவேன்.
திருத்த என்ன இருக்கிறது?
நட என்றால் நடக்கும், நில் என்றால் நிற்கும்,
காது இரண்டும் முன்னால்,
ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவன் மாதிரி.
நாற்பத்தாறு கிலோவுக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசம்
வங்கிக் குமாஸ்தாவைவிட அதற்குத் துல்லியம்.
சனிக்கிழமை வந்தால் பழையபடி
யார் சொல்லும் பாராது.

வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றை
கடிவாள வளையத்திலிருந்து சேணத்துக்குக் கட்டினேன்.
தலை முழங்காலோடு நின்றது.
மூன்று வாரம் நிம்மதி.
நான்காவது வாரம்
கயிற்றைத் தேய்ப்பதற்கென்றே ஒரு கம்பத்தைக் கண்டுபிடித்தது.

"செப்டம்பர் சந்தையில் தள்ளிவிடலாம்" என்றாள் எலுனெட்.
"யார் வாங்குவார்?"
"அதைச் சந்திக்காத யாராவது."

அந்த வாரம்தான் மாரெட் வந்தாள்.
மணிக்கட்டில் மாவுக்கட்டு பிரித்து ஒன்பது நாள்.
இழுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.
இழுக்கவில்லை.
இடப்பக்கம் கொஞ்சம் கேட்டாள், உடனே வலப்பக்கம்,
சேற்றுக் குட்டையைச் சுற்றி,
மறுபடி சுற்றி,
பாரா தலை குனிய நினைக்கும்போதெல்லாம்
எங்கோ திரும்பவேண்டி இருந்தது.

எப்படி என்று கேட்டேன்.
"குனியறதுக்கு முன்னாடி
அதோட இடது தோள் கனக்குது,
உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.
நாலு வருடம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
என்னிடம் அது ஒருமுறையும் குனிந்ததில்லையே,
நான் எங்கே கற்பது?

இப்போது சனிக்கிழமைகளில்
திடலின் நடுவில் நின்று "தோள்!" என்று கத்துகிறேன்.
சிலருக்குப் புரிகிறது.
மப்லி போன வாரமும் இரண்டு முறை புல்லில் உட்கார்ந்தாள்,
இரண்டாவது முறை, விழுந்துகொண்டே, "தோள்" என்றாள்.
அதுவும் முன்னேற்றம்தான்.

நேற்று சவாரி முடிந்து வாசலருகே
மாரெட் தானாகவே வாரை நீளமாய் விட்டாள்:
"இப்போ சாப்பிடு."
பாரா சாப்பிடவில்லை.
ஒரு கண்ணை மட்டும் பின்னால் திருப்பி
அவளைப் பார்த்தது.
கேட்டு வாங்கிய புல்லில்
ஏதோ சூது இருக்கிறது போல.

அரை நிமிடம் இருக்கும்.
பிறகு தின்றது,
புல்லையும், பக்கத்தில் தொங்கிய
என் சட்டைக் கையையும்.